சூத்திரம் செல்லுபடியாகும் இடம்

நான் பணியாற்றும் கிளை ராஜஸ்தான் மாநிலத்தின் கோட்டா நகரில் உள்ளது. சம்பல் ஆற்றங்கரையில் அமைந்த இந்நகரைத் தரையில் பதிக்கும் கல்லின் பெயரால் அறிந்தோர் ஒரு காலத்தில் மிகுதி. இன்று மருத்துவ, பொறியியல் நுழைவுத் தேர்வுப் பயிற்சியின் பெயரால் அறிந்தோரே மிகுதி. கல்வியாண்டு தொடங்கும் வாரங்களில் எங்கள் கவுன்டர்களில் நிற்போருள் பாதிப் பேர் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளும், பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் அவர்களை அழைத்து வந்த பெற்றோருமே ஆவர். விடுதிக் கட்டணம் செலுத்துவதற்காகக் கணக்குத் தொடங்க வரும் அப்பிள்ளைகள், படிவம் நிரப்பும் நேரத்திலும் மடியில் ஒரு குறிப்பேட்டைத் திறந்து வைத்திருப்பார்கள். எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் அது இயற்பியல் சூத்திரங்களின் பட்டியலாகவே இருக்கும்.

அத்தகைய குறிப்பேடு ஒன்று என் வீட்டிலும் இருந்தது. பணியிட மாற்றத்தால் என்னோடு இங்கு வந்த என் மகள், நீட் தேர்வை முதல் முறை எழுதி இடம் கிடைக்காமல், இரண்டாம் முறைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். அவளுடைய குறிப்பேட்டில் 412 சூத்திரங்கள் இருந்தன. எண்ணிப் பார்த்தவன் நான்தான். எண்ணுவது என் தொழில். அவற்றை ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் அவள் ஒப்பித்து வந்தாள். மாதிரித் தேர்வுகளில் இயற்பியல் மதிப்பெண் மட்டும் அசையவில்லை. வீட்டில் பேச்சுக் குறைந்தது. சாப்பாட்டுத் தட்டை அறைக்குள் எடுத்துச் செல்லும் வழக்கம் வந்தது. "எனக்கு ஞாபக சக்தி இல்லப்பா" என்று ஒரு நாள் சொன்னாள். 412 சூத்திரங்களைப் பிழையின்றி ஒப்பிக்கும் பெண் சொல்லக்கூடிய காரணமாக அது எனக்குப் படவில்லை.

நான் வணிகவியல் பட்டதாரி. இயற்பியலோடு எனக்கிருந்த உறவு பத்தாம் வகுப்போடு முடிந்தது. ஆயினும் வங்கியில் இருபதாண்டு காலம் பணியாற்றியவனுக்கு ஒன்று தெரியும்: கணக்கு இடிக்கிறதென்றால் புலம்புவதற்கு முன் தணிக்கை செய்ய வேண்டும். கடைசி மூன்று மாதிரித் தேர்வுகளின் இயற்பியல் தாள்களை வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருவரும் அமர்ந்தோம்.

தேர்வு முறையை அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட் தேர்வில் உயிரியலுக்கு 90, வேதியியலுக்கு 45, இயற்பியலுக்கு 45 என 180 வினாக்கள். காலம் 180 நிமிடங்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண் கூடும்; தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழியும்; விடையளிக்காமல் விட்டால் கூடுவதும் இல்லை, கழிவதும் இல்லை. கணிப்பானுக்கு அனுமதி கிடையாது.

மூன்று தாள்களிலும் சேர்த்து 135 இயற்பியல் வினாக்கள். சரி 58, தவறு 51, விட்டவை 26. ஆக 232 மதிப்பெண் சேர்ந்து 51 கழிந்து, 540-க்கு 181. அந்த 51 தவறுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, காரணம் என்னவென்று எழுதச் சொன்னேன். சூத்திரம் மறந்துபோனதால் வந்த தவறு 6. கூட்டல், பெருக்கலில் வந்த தவறு 9. எஞ்சிய 36 வினாக்களிலும் சூத்திரம் சரியாகவே நினைவில் இருந்தது. அது பொருந்தாத இடத்தில் போடப்பட்டிருந்தது, அல்லது குறியோ அலகோ மாறியிருந்தது. ஆக, மறதிக்கு எதிராக நாள்தோறும் இரண்டு வேளை நடந்த போராட்டம் 51-இல் 6-ஐ மட்டுமே குறிவைத்திருந்தது.

அந்த 36-இல் முதலாவதாக நாங்கள் எடுத்தது ஒரு சுருள்வில் கணக்கு. விசை மாறிலி மீட்டருக்கு 100 நியூட்டன், அதன் முனையில் 1 கிலோகிராம் நிறை, உராய்வற்ற தளம், 0.1 மீட்டர் இழுத்து விட்டால் அதிகபட்ச வேகம் என்ன? மகள் போட்ட கணக்கு இது. விசை = விசை மாறிலி × நீட்சி, அதாவது 10 நியூட்டன். முடுக்கம் = விசை ÷ நிறை, அதாவது 10. பிறகு இயக்கச் சமன்பாடு: இறுதி வேகத்தின் இருமடி = 2 × முடுக்கம் × தொலைவு, அதாவது 2. விடை, 2-இன் வர்க்கமூலம். வினாடிக்கு ஏறக்குறைய 1.41 மீட்டர். அந்த விடை கொடுக்கப்பட்ட நான்கில் ஒன்றாக இருந்தது. அவளும் மகிழ்ச்சியோடு குறித்துவிட்டாள். சரியான விடையோ வினாடிக்கு 1 மீட்டர்.

எங்கே தவறு? மூன்று சூத்திரங்களும் சரி, கணக்கீடும் சரி. ஆனால் இயக்கச் சமன்பாடுகள் முடுக்கம் மாறாமல் இருக்கும்போது மட்டுமே செல்லும். சுருள்வில் சுருங்கச் சுருங்க அதன் விசை குறைகிறது. தொடக்கத்தில் 10 நியூட்டன், பாதி வழியில் 5, முடிவில் சுழியம். தொடக்கத்தில் இருந்த விசையே கடைசி வரை இருந்ததாகக் கணக்கிட்டதுதான் பிழை.

இதைக் கேட்டதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் என் தம்பி ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் இருசக்கர வாகனத்துக்காக ஒரு இலட்சம் ரூபாய் கடன் வாங்கினான். "12 சதவீதம்தான் அண்ணா, ஒரே வருஷம்" என்றான். ஃபிளாட் வட்டி; அதாவது 12,000 ரூபாய் வட்டியைத் தொடக்கத்திலேயே அசலோடு கூட்டி, 12 தவணைகளாகப் பிரித்திருந்தார்கள். மாதந்தோறும் அவன் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறான். கடன் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ முழு இலட்சமும் ஆண்டு முழுவதும் அவன் கையில் இருந்ததுபோல் கணக்கிடப்பட்டிருக்கிறது. அதே 12 சதவீதத்தைக் குறையும் நிலுவை முறையில் கணக்கிட்டால் மாதத் தவணை ஏறத்தாழ 8,885 ரூபாய்; ஆண்டு முழுவதற்குமான வட்டி ஏறத்தாழ 6,619 ரூபாய். ஃபிளாட் வட்டியில் பாதியைவிடச் சற்றே அதிகம்.

இழுத்த சுருள்வில்லின் கணக்கும் இதுவே. தொடக்க விசையைத் தொலைவு முழுவதற்கும் பெருக்கினால் 10 × 0.1, அதாவது 1 ஜூல்; இது ஃபிளாட் கணக்கு. உண்மையில் விசை 10-இலிருந்து சுழியத்துக்குச் சீராகக் குறைவதால் சராசரி விசை 5; ஆற்றல் 0.5 ஜூல். பாடநூலில் உள்ள சூத்திரமும் அதையே சொல்கிறது: சுருள்வில்லின் நிலை ஆற்றல் = ½ × விசை மாறிலி × நீட்சியின் இருமடி. அந்த 0.5 ஜூலும் இயக்க ஆற்றலாக மாறும்போது, ½ × நிறை × வேகத்தின் இருமடி என்பதிலிருந்து வேகம் 1 என்று வந்துவிடும். கடனில் வட்டி சரிபாதியாகாமல் சற்று மிஞ்சுவதற்குக் காரணம், நிலுவை மாதத்துக்கு ஒரு முறைதான் படியிறங்குகிறது. சுருள்வில்லின் விசை கணந்தோறும் இறங்குகிறது.

"அந்த ½ எதுக்கு வருதுன்னு யாரும் சொல்லலப்பா" என்றாள் மகள். வகுப்பில் யாரேனும் சொல்லியும் இருக்கலாம். 412 சூத்திரங்களின் இரைச்சலில் அது காதில் விழுந்திராது.

அந்த ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டு மேலும் சில பக்கங்களைக் கடந்தோம். மின்தேக்கியில் சேமிக்கப்படும் ஆற்றல் = ½ × மின்தேக்குத்திறன் × மின்னழுத்த வேறுபாட்டின் இருமடி. முதலில் வந்து சேரும் மின்னூட்டத்துக்கு எதிர்ப்பே இல்லை, கடைசியாக வரும் மின்னூட்டம் முழு மின்னழுத்தத்தையும் எதிர்த்து ஏற வேண்டும், சராசரி, பாதி. கம்பிச்சுருளில் சேமிக்கப்படும் ஆற்றல் = ½ × தன் மின்தூண்டல் எண் × மின்னோட்டத்தின் இருமடி; அங்கும் மின்னோட்டம் சுழியத்திலிருந்து ஏறி வருகிறது. இயக்க ஆற்றலிலும் அப்படியே: நிலையான விசையால் நகரும் பொருளின் வேகம் சுழியத்தில் தொடங்குவதால் சராசரி வேகம் இறுதி வேகத்தில் பாதி. நான்கு வெவ்வேறு அத்தியாயங்களில் நான்கு தனித்தனிச் சூத்திரங்களாக அவள் ஒப்பித்து வந்தவை ஒரே எண்ணத்தின் நான்கு உருவங்கள்.

அன்று மாலையே ஒரு புதிய குறிப்பேடு வாங்கினோம். பழையதில் இரண்டு பத்திகள் இருந்தன: பெயர், சூத்திரம். புதியதில் மூன்றாவதாக ஒரு பத்தி: 'எப்போது செல்லும்?' எனக்கு இது இயல்பாகத் தோன்றிய தலைப்பு. காசோலையில் தொகையும் பெயரும் சரியாக இருந்தால் போதாது. கையொப்பம் பொருந்த வேண்டும், எழுதிய தேதியிலிருந்து 3 மாதங்களுக்குள் கொண்டுவர வேண்டும். இயற்பியல் சூத்திரத்துக்கும் அவ்வாறே. இயக்கச் சமன்பாடுகளுக்கு எதிரே 'முடுக்கம் மாறாதபோது மட்டும்'. உந்த அழிவின்மைக்கு எதிரே 'வெளிவிசை இல்லாதபோது'. ஓம் விதிக்கு எதிரே 'வெப்பநிலை மாறாதபோது'. தனி ஊசலின் அலைவு நேரத்துக்கு எதிரே 'சிறிய வீச்சுக்கு மட்டும்'.

ஒரே பொருளுக்கு இரண்டு சூத்திரங்கள் இருக்கும் இடங்களில் இந்த மூன்றாம் பத்தி மிகவும் கைகொடுத்தது. மின்திறனுக்கு 'மின்னோட்டத்தின் இருமடி × மின்தடை' என்றும் எழுதலாம். 'மின்னழுத்தத்தின் இருமடி ÷ மின்தடை' என்றும் எழுதலாம். இரண்டும் சரி. ஒன்றில் மின்தடை கூடினால் திறன் கூடுகிறது, மற்றொன்றில் குறைகிறது. பின் எதை நம்புவது? 220 வோல்ட்டுக்குரிய 100 வாட், 60 வாட் பல்புகள் இரண்டைத் தொடராக இணைத்தால் எது பிரகாசமாக எரியும் என்பது பல தலைமுறை மாணவர்களைக் கவிழ்த்த வினா. 100 வாட் பல்பின் மின்தடை 484 ஓம். 60 வாட் பல்பின் மின்தடை ஏறத்தாழ 807 ஓம். தொடரிணைப்பில் இரண்டிலும் பாயும் மின்னோட்டம் ஒன்றே; எனவே மின்னோட்டம் உள்ள சூத்திரத்தை எடுக்க வேண்டும்; மின்தடை மிகுந்த 60 வாட் பல்பே அதிகப் பிரகாசம். வீட்டில் உள்ளதுபோல் பக்க இணைப்பென்றால் மின்னழுத்தம் பொது. அங்கே 100 வாட் பல்புதான் வெல்லும். எது பொதுவாக இருக்கிறதோ அது இடம்பெறும் சூத்திரத்தை எடு என்று மூன்றாம் பத்தியில் எழுதிக்கொண்டாள்.

அடுத்து, குறிகள். லென்ஸ், ஆடிக் கணக்குகளில் அவள் தொடர்ந்து சறுக்கினாள். ஆடிக்கு, பொருளின் தொலைவு, பிம்பத்தின் தொலைவு ஆகிய இரண்டின் தலைகீழ்களையும் கூட்டினால் குவியத் தொலைவின் தலைகீழ் கிடைக்கும். லென்ஸுக்கு, பிம்பத் தொலைவின் தலைகீழிலிருந்து பொருள் தொலைவின் தலைகீழைக் கழிக்க வேண்டும். இதைவிடக் குழப்பம் தருவது, எதற்கு எதிர்க்குறி என்பது. ஒளி செல்லும் திசையில் அளந்தால் நேர்க்குறி. எதிர்த்திசையில் அளந்தால் எதிர்க்குறி. இதில் என்ன கடினம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, எங்கள் பாஸ்புக்கில் 'வரவு' என்று அச்சிட்டிருக்கும் தொகை வாடிக்கையாளருக்குச் சொத்து, வங்கிக்கோ கடன்பொறுப்பு என்பதை எத்தனை பேருக்கு எத்தனை முறை விளக்கியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். யார் பக்கம் நின்று அளக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் இரண்டு இடத்திலும் குழப்பம் இல்லை.

20 சென்டிமீட்டர் குவியத் தொலைவுள்ள குவிலென்ஸின் முன் 30 சென்டிமீட்டரில் பொருள் இருந்தால் பிம்பம் மறுபக்கம் 60 சென்டிமீட்டரில் விழும். பொருளின் தொலைவுக்கு எதிர்க்குறி இட மறந்தால் 12 என்று வரும். வினாத்தாள் தயாரிப்பவர் அந்த 12-ஐயும் விடைகளுள் ஒன்றாக வைத்திருப்பார். மாணவர் எங்கே தவறுவார் என்பதை அவர் நன்கறிவார். ஆகவே, கணக்கிட்ட விடை கொடுக்கப்பட்டவற்றுள் இருக்கிறது என்பது அது சரி என்பதற்குச் சான்றாகாது.

அலகுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை வினாடிக்கு இத்தனை மீட்டர் என மாற்ற 5/18-ஆல் பெருக்க வேண்டும். 72 என்பது 20 ஆகும். இதற்கும் அப்பால் அலகுகளால் ஒரு பயன் உண்டு: ஐயம் வந்த சூத்திரத்தை அந்த இடத்திலேயே சோதித்துக்கொள்ளலாம். ஊசலின் அலைவு நேரம் நீளத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுப்பதா, மாற்றி வகுப்பதா? மீட்டரை 'மீட்டர்/வினாடி இருமடி' என்பதால் வகுத்தால் வினாடி இருமடி எஞ்சும். அதன் வர்க்கமூலம் வினாடி. மாற்றி வகுத்தால் வினாடி கீழே போய்விடும். மறந்துபோன 6-இல் இரண்டை இப்படியே மீட்டிருக்கலாம். ஒரு மீட்டர் நீள ஊசலின் அலைவு நேரம் ஏறத்தாழ 2 வினாடி என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் பல விடைகளின் தகுதியை நொடியில் எடைபோடலாம்.

கதிரியக்கச் சிதைவுக்கு வந்தபோது ஆசிரியர் நாற்காலியில் சிறிது நேரம் நானே அமர்ந்தேன். கூட்டு வட்டியில் வைப்புத்தொகை இரட்டிப்பாக எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கேட்கும் வாடிக்கையாளரிடம், 72-ஐ வட்டி வீதத்தால் வகுக்கச் சொல்வோம். 8 சதவீதம் என்றால் 9 ஆண்டுகள். மகளின் குறிப்பேட்டில் 'அரை ஆயுட்காலம் = 0.693 ÷ சிதைவு மாறிலி' என்று இருந்தது. அந்த 0.693 என்பது 2-இன் இயல் மடக்கை. கணந்தோறும் வட்டி சேர்ந்தால் எங்கள் 72-க்கு உண்மையான மதிப்பு 69.3, ஆண்டுக்கொரு முறை சேரும் வட்டிக்காகவும், எளிதில் வகுபடுவதற்காகவும் அதை 72 ஆக்கிக்கொண்டிருக்கிறோம். பணம் இரட்டிப்பாவதும் அணுக்கள் பாதியாவதும் ஒரே கணக்கின் மேலேற்றமும் கீழிறக்கமும்.

தைராய்டு சிகிச்சையில் பயன்படும் அயோடின்-131-இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 8 நாள். 24 நாளில் எவ்வளவு எஞ்சும்? 8 நாளில் பாதி என்றால் 16 நாளில் முழுவதும் தீர்ந்துவிடும் என்று நினைப்பது மறுபடியும் ஃபிளாட் கணக்கு. ஒவ்வொரு 8 நாளும் அப்போதுள்ள நிலுவையில் பாதிதான் கழிகிறது. மூன்று முறை கழிந்தால் எட்டில் ஒரு பங்கு, 12.5 சதவீதம் எஞ்சும். வினாவில் 'சிதைந்த பங்கு' என்று கேட்டிருந்தால் விடை 87.5 சதவீதம். இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் அவள் இழந்தது ஐந்து மதிப்பெண்: கிடைக்க வேண்டிய 4, கழிந்த 1.

புதிய குறிப்பேடு முடிந்தபோது 11 பக்கங்களே இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றை வருவிக்க முடியும் என்று தெரிந்த சூத்திரங்களை அவளே நீக்கிக்கொண்டாள். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களைத் தாண்டி எதையும் சேர்க்கவில்லை. இதைச் செய்ய எங்களுக்கு ஏழு வாரங்கள் ஆயின. அதில் பெரும்பகுதி, பழைய தாள்களின் தவறுகளை ஒவ்வொன்றாக எடுத்து மூன்றாம் பத்தியை நிரப்புவதிலேயே கழிந்தது. அச்சிட்ட சூத்திரப் பட்டியல்கள் கடைகளில் ஏராளம். ஆனால் மூன்றாம் பத்தி மாணவர் தம் சொந்தத் தவறுகளிலிருந்து எழுதிக்கொள்ள வேண்டியது. அதைப் பெற்றோர் வாங்கித் தர இயலாது என்பது என் கருத்து. அருகில் அமர்ந்து புரியாத இடத்தில் 'ஏன்' என்று கேட்கலாம். அதற்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாமலிருப்பது ஒருவகையில் வசதியும்கூட.

அற்புதம் ஏதும் நடந்துவிடவில்லை. அண்மையில் அவள் எழுதிய மாதிரித் தேர்வில் 45 இயற்பியல் வினாக்களில் சரி 29, தவறு 7, விட்டவை 9. மதிப்பெண் 109. முன்பு ஒரு தாளுக்குச் சராசரியாக 60. நான் அதைவிடப் பெரிதாக மதிப்பது அந்த 9-ஐ. சூத்திரம் நினைவில் இருந்தும், இது இங்கே செல்லாது என்று தெரிந்து விட்டுவிட்ட வினாக்கள் அவற்றுள் நான்கு.

இவ்வூரின் தல்வண்டிப் பகுதியில் ராதாகிருஷ்ணர் கோயில் ஒன்று உண்டு. அதன் சுவரில் மாணவர்கள் தங்கள் வேண்டுதல்களை எழுதி வைப்பது பல்லாண்டு வழக்கம். சென்ற மாதம் அவ்வழியே சென்றபோது மகளும் நின்று படித்தாள். நீயும் எழுதுகிறாயா என்று கேட்டேன். பேனா எடுத்து வரவில்லை என்றாள். வீடு திரும்பும் வழியில் நெடுநேரம் எதையோ யோசித்துக்கொண்டு வந்தவள், "சித்தப்பா வண்டிக் கடன்ல அந்த மிச்சப் பாதி எங்கப்பா போச்சு?" என்று கேட்டாள்.

12 சதவீத ஃபிளாட் வட்டி என்பது குறையும் நிலுவை முறையில் 21 சதவீதத்துக்கும் மேல் என்பதை அங்கேயே கணக்கிட்டுக் காட்டினேன். இரவு தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன். இரண்டாவதாக ஒரு வண்டிக்கு அதே நிறுவனத்தில் கையொப்பமிடப் போவதாகச் சொன்னான். ஒப்பந்தத்தின் நகலை முதலில் எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.